உப்பு நீர்க் குளமும் போர் தண்ணீரும்

உப்பு நீர்க் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்கிறவரும் அதைத் திருத்த அவ்வளவு அவசரப்படுவதில்லை. அந்தக் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். வாளியில் வாங்கி வந்து கொட்டுவதற்குப் பதிலாக, பம்ப் ரூமில் குழாயோடு குழாயாகப் பொருத்திய ஒரு சின்னக் கருவி அதை அங்கேயே தயாரித்துத் தண்ணீரில் விடுகிறது. இது புரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி, குளத்தை நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளிலும் கோவையைச் சுற்றியுள்ள வில்லாக்களிலும் இந்தக் கருவியை அரித்துத் தின்பது உப்பு அல்ல. போர் தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு.

வீடுகளில் இந்த முறை முதலில் பெருவாரியாகப் பரவியது ஆஸ்திரேலியாவில். அங்கே வீட்டுக் குளங்களில் பெரும்பாலானவை இன்று இந்த வகைதான். கருவியோடு வரும் கையேடுகளும் அங்கத்திய, அமெரிக்கக் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மெல்போர்ன் நகரக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை அடங்காது, அவ்வளவு மென்மை. அந்தக் கையேட்டை அப்படியே எடுத்துவந்து கேளம்பாக்கத்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் தொடங்குகிறது.

கருவிக்குள் நடப்பது

கருவிக்கு இரண்டு பாகம். சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. ஃபில்டரைத் தாண்டி, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாயில் பொருத்திய செல் இன்னொன்று. செல்லைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய தகடுகள் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நிற்பது தெரியும். தகடு டைட்டானியம், அதன்மேல் ருத்தீனியம், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூச்சு. வெறும் டைட்டானியத்தை நேர்மின்வாயாக வைத்தால் கொஞ்ச நேரத்தில் அதன்மேல் படலம் கட்டி மின்சாரம் பாய்வது நின்றுவிடும். அதைத் தடுக்கும் பூச்சு முறைக்கு 1965இல் காப்புரிமை கேட்டவர் ஹென்றி பீர். அவர் நினைத்தது பெரிய ரசாயன ஆலைகளை. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலையில் நடப்பதும், வீட்டுக் குளத்தின் செல்லில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வினை. ஆலையில் இரண்டையும் பிரித்து எடுக்கிறார்கள். செல்லில் இரண்டும் அங்கேயே கலந்து ஹைப்போகுளோரைட்டாகிக் குளத்துக்குப் போகின்றன.

அந்தக் குளோரின் கிருமியோடு மோதியோ வெயில் பட்டோ தீர்ந்தபின் மறுபடி குளோரைடாக, அதாவது உப்பின் பாதியாக மாறிவிடுகிறது. அது திரும்பவும் செல்லுக்கு வருகிறது. ஆகவே உப்பு தீர்வதில்லை. தண்ணீர் ஆவியாகும்போதும் உப்பு கூடப் போவதில்லை. குளத்திலிருந்து உப்பு வெளியேற நான்கு வழிகள்தான்: ஃபில்டரைக் கழுவித் தண்ணீரை வெளியே விடும் பேக்வாஷ், மழையில் வழிவது, குழந்தைகள் குதித்துத் தெறிப்பது, கசிவு. மழையோ விருந்தோ இல்லாத மாதத்தில் பெட்டி 'உப்பு குறைவு' என்று காட்டினால், மூட்டையைப் பிரிக்கும் முன் சந்தேகப்பட வேண்டியது செல்லையோ கசிவையோ.

குளோரினோடு சேர்ந்து ஹைட்ரஜனும் வருகிறது. மணிக்கு 20 கிராம் குளோரின் தரும் செல், அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 லிட்டர் ஹைட்ரஜனையும் தருகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது சின்னக் குமிழிகளாகக் குளத்துக்கு வந்து காற்றில் கலந்துவிடும், ஆபத்தில்லை. பம்ப் நின்று செல் மட்டும் ஓடினால் அந்த வாயு குழாய்க்குள் சேரும். செல் வெடித்த விபத்துகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. இதைத் தடுக்கவே தண்ணீர் ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஃப்ளோ சுவிட்ச் இருக்கிறது. அது அடிக்கடி 'ஓட்டம் இல்லை' என்று அலாரம் அடிக்கிறதே என்று, வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு வயரையும் முறுக்கி ஷார்ட் பண்ணிவிட்டுப் போவது பம்ப் ரூம்களில் சகஜமாகப் பார்க்கக் கூடிய காட்சி. அப்படி முறுக்கிய வயரைக் கண்டால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். அலாரம் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ஃபில்டரோ, இலை நிறைந்த பம்ப் கூடையோதான்.

எவ்வளவு உப்பு, எந்த உப்பு

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதாவது 35,000 பிபிஎம். மனிதக் கண்ணீரில் சுமார் 9,000. இந்தக் குளத்துக்குத் தேவைப்படுவது பெரும்பாலான கருவிகளில் 3,000 முதல் 4,000 வரை. சில ஆஸ்திரேலிய மாடல்கள் 6,000 வரை கேட்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதே கணக்கு. சாதாரணத் தண்ணீரை விடக் கண்ணீரின் உப்புக்குச் சற்று நெருங்கி வருவதால்தான் கண்ணைத் திறந்து நீந்தினாலும் அவ்வளவாக எரிவதில்லை.

எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்ளலாம். கொள்ளளவு ஏறத்தாழ 45,000 லிட்டர். 3,500 பிபிஎம் வேண்டுமென்றால் 157 கிலோ உப்பு. ஆனால் அத்தனையையும் கொட்டிவிடக் கூடாது. கடலோரப் போர் தண்ணீரில் உப்பு முன்பே இருக்கும். 800 பிபிஎம் இருந்தால் சேர்க்க வேண்டியது 121 கிலோதான். கூடுதலாகப் போட்ட உப்பை எடுக்க, பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. எனவே கணக்கில் வருவதில் முக்கால் பங்கைப் போட்டு, ஒரு நாள் பம்பை ஓட்டி, அளந்து, மீதியைப் போடுவதே புத்திசாலித்தனம். போடும்போது பம்ப் ஓட வேண்டும், செல் அணைந்திருக்க வேண்டும். புதிதாகப் பூசிய சிமென்ட் குளமென்றால் பூச்சு இறுக ஒரு மாதமாவது விட்டுத்தான் உப்பு.

அளக்க, கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டரை நம்புகிறவர்கள் அதிகம். அது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணாகக் காட்டும். சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் அதில் அடக்கம். குளோரைடை மட்டும் காட்டும் பட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன. போர் தண்ணீர்க் குளத்துக்கு அவைதான் சரி.

எந்த உப்பு என்பதிலும் ஒரு சபலம் உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் மரக்காணத்தில் உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருப்பார்கள், மூட்டை விலையும் மலிவு. அந்தக் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் களிமண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். ஊறுகாய்க்குப் பரவாயில்லை, சுண்ணாம்பை ஒழிக்கப் போராடும் குளத்தில் தெரிந்தே கால்சியத்தைக் கொட்டுவானேன்? மளிகைக் கடைத் தூள் உப்பில் அயோடினோடு, கட்டி சேராமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கிறது. வாட்டர் சாஃப்ட்னருக்கென்று விற்கும், அயோடின் சேர்க்காத சுத்திகரித்த உப்பே இங்கு பொருத்தம்.

ஒரு நாளைக்குத் தேவையான குளோரின்

கருவி வாங்கும்போது கடையில் குளத்தின் கொள்ளளவை மட்டும் கேட்டு மாடலைக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் 'இத்தனை லிட்டருக்கு' என்று அச்சிட்டிருப்பது நாள் முழுக்க, முழு வேகத்தில் ஓட்டினால் வரும் கணக்காக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, மணிக்கு எத்தனை கிராம் என்பது.

நம் 45,000 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் குளோரின் என்பது 45 கிராம். ஸ்டெபிலைசர் சரியாக இருக்கும் குளத்தில், நல்ல வெயில் நாளில் 3 பிபிஎம் செலவாகிறது என்று வைத்தால் 135 கிராம் வேண்டும். 20 கிராம் செல் முழு வேகத்தில் ஏழு மணி நேரம் ஓட வேண்டும். 10 கிராம் செல்லைத் தலையில் கட்டியிருந்தால் பதினான்கு மணி நேரம். செல்லுக்கு 100 முதல் 150 வாட்தான் ஆகும். ஆனால் அது ஓடும் நேரமெல்லாம் கூடவே ஒரு குதிரைத்திறன் பம்பும் ஓட வேண்டுமே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் அடி விழுவது பம்பால். சற்றே பெரிய செல்லை வாங்குவது மொத்தத்தில் மலிவு.

செல்லின் ஆயுளும் மணிக் கணக்குதான். 8,000 முதல் 10,000 மணி நேரம் உழைத்தால் நல்ல செல். குளிர் நாடுகளில் வருடத்தில் ஐந்து மாதம் குளத்தை ஓட்டிவிட்டு மூடிப் போட்டு மூடிவிடுவார்கள். செல் ஏழெட்டு வருடம் வருகிறது என்று அங்கே எழுதுவது அதனால்தான். நமக்குப் பனிக்காலம் ஏது? தினம் எட்டு மணி நேரம், வருடம் முழுக்க ஓடினால் 10,000 மணி மூன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். வாங்கும் நாளிலேயே மாற்று செல்லின் விலையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டெபிலைசர் என்று கடையில் சொல்வது சயனூரிக் அமிலம். இது இல்லாத குளத்தில், உச்சி வெயிலில் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போகும். செல் போட்ட குளத்துக்கு 60 முதல் 80 பிபிஎம் வரை பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 45,000 லிட்டரில் 60 பிபிஎம் என்றால் 2.7 கிலோ. நேராகக் கொட்டினால் அடியில் மணலாகக் கிடக்கும். பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் முனைக்கு முன்னால் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் கரையும்.

பழைய குளத்தை உப்புக்கு மாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இங்கே பல குளங்களில் பல வருடமாகப் போட்டு வந்தது டிசிசிஏ 90 என்ற குளோரின் மருந்து. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் ஒட்டியே வருகிறது: 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். தினம் 3 பிபிஎம் என்று ஒரு மாதம் போட்டால் 54 பிபிஎம் சேர்ந்துவிடும். அது வெயிலிலும் போகாது, ஃபில்டரிலும் நிற்காது. இரண்டு வருடம் அப்படி ஓடிய குளத்தில் அளவு சில நூறுகளில் நிற்கும். குளோரின் இருந்தும் வேலை செய்யாது, தண்ணீர் பச்சை பாயும். புது செல் மேல் பழி விழும். செல் பொருத்தும் முன் சயனூரிக் அமிலத்தை அளந்து, மிகுந்திருந்தால் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் உப்பைத் தொட வேண்டும். மிச்சமிருக்கும் டிசிசிஏ டப்பாவை பிளீச்சிங் பவுடரோடு ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம்.

சுண்ணாம்பின் கணக்கு

வெந்நீர்த் தவலையின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் செல்லின் தகடுகளிலும் படிகிறது. தவலையில் அதற்குக் காரணம் சூடு. செல்லில் காரணம் வேறு. ஹைட்ரஜன் பிறக்கும் தகட்டை ஒட்டிய தண்ணீரில் காரம் மிக அதிகம். குளத்துத் தண்ணீரின் பிஎச் 7.5 ஆக இருக்கும்போதே அந்தத் தகட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு கரைய முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. குளத்தின் டைல்ஸில் வெள்ளைக் கோடு தெரிவதற்கு முன்பே செல் அடைக்கத் தொடங்கியிருக்கும்.

இதற்காகவே கருவி சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றுகிறது. படிந்த சுண்ணாம்பு செதிலாக உதிர்ந்து தண்ணீரோடு போகும். குளத்தின் அடியில் கிடக்கும் அந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்து, உப்பு கரையவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு செதிலை எடுத்து வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். நுரைத்தால் சுண்ணாம்பு, உப்புக்கு நுரை வராது. செதில் தொடர்ந்து வருகிறதென்றால் செல் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, தண்ணீர் சரியில்லை என்று பொருள்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சென்னைக் கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாவது சாதாரணம். நம் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். தினம் 192 லிட்டர் போகிறது. அதைப் போர் தண்ணீரால் நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை 600 பிபிஎம் என்று வைத்தால், தினம் 115 கிராம் சுண்ணாம்பு குளத்துக்குள் வருகிறது. ஆவியாகும் தண்ணீர் அதை எடுத்துப் போவதில்லை. மார்ச் முதல் ஜூன் வரையிலான நூறு நாளில் சேர்வது பதினொன்றரைக் கிலோ. குளத்தின் கடினத்தன்மை 250 பிபிஎம் ஏறியிருக்கும். குளத்துக்குச் சரியான அளவு 200 முதல் 400 வரை. முதல் நிரப்பிலேயே 600 உள்ள குளம், ஒரே கோடையில் 850ஐ எட்டிவிடுகிறது.

உப்பு மூட்டையை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர், பூந்தொட்டிக்கு விடுகிற மாதிரி போர் ஹோஸைக் குளத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். குளத்தைக் கெடுப்பது அந்த ஹோஸ்.

தீர்வு இரண்டு இருக்கிறது, இரண்டுமே பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. முதலாவது வாட்டர் சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குடிக்கும் தண்ணீரில் அந்தச் சோடியம் ஒரு குறை. உப்பு நீர்க் குளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குளியலறைக்குப் போகும் சாஃப்ட்னர் குழாயிலிருந்து ஒரு கிளையை இழுத்து, அன்றாட நிரப்பலை அதிலிருந்து விட்டாலே போதும். காரத்தன்மையை மட்டும் சாஃப்ட்னர் குறைக்காது, அதற்கு ஆசிட்தான்.

இரண்டாவது மொட்டை மாடி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் ஏற்கனவே இறங்கி வருகிறது. பெரும்பாலும் ஒரு மணல் குழிக்குள் போய் முடிகிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர், சுண்ணாம்பு இல்லாத தண்ணீர். முதல் மழையில் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போன பிறகு வருவதை, ஒரு வடிகட்டி வழியே தொட்டியில் சேர்த்து வைத்தால் நம் குளத்துக்கு ஐம்பது நாள் நிரப்பலுக்கு வரும். டேங்கர் லாரித் தண்ணீர் இந்த இரண்டுக்கும் மாற்று அல்ல. அதுவும் ஏதோ ஒரு கிணற்றிலிருந்துதான் வருகிறது, எந்தக் கிணறு என்று லாரிக்காரருக்குத்தான் தெரியும்.

பிஎச்சும் ஆசிட்டும்

உப்பு நீர்க் குளத்தின் பிஎச் எப்போதும் மேலேதான் போகும். செல் காரத்தை உண்டாக்குவதால் என்று சொல்வது பாதி உண்மை. செல்லில் உண்டாகும் காரத்தை, குளோரின் தீரும்போது வரும் அமிலம் ஈடுகட்டிவிடுகிறது. உண்மைக் காரணம் ஹைட்ரஜன் குமிழி. அது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைக் கிளப்பி வெளியேற்றுகிறது. கரியமில வாயு போனால் பிஎச் ஏறும். அழகுக்கு வைத்த செயற்கை அருவியும் நீரூற்றும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை ஆசிட் ஊற்றியும் பிஎச் அடங்காத குளத்தில், அருவியை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பிஎச் ஏன் முக்கியம் என்றால், குளோரினின் வீரியமே அதில்தான் இருக்கிறது. 7.5இல் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏறத்தாழ பாதி. 8ஐத் தொட்டால் கால் பங்குக்கு இறங்கிவிடும். 7.4 முதல் 7.6 வரை வைத்துக்கொள்வதும், காரத்தன்மையை 60 முதல் 80 பிபிஎம்முக்குள் இறக்கி வைப்பதும் உப்பு நீர்க் குளத்துக்கு ஏற்றவை. சாதாரணக் குளத்துக்குச் சொல்லும் 100, 120 இங்கே அதிகம். போர் தண்ணீரில் பைகார்பனேட் மிகுதி என்பதால் தானாகவே அந்த அளவுக்கு மேல் நிற்கும். 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 900 மில்லி, 45,000 லிட்டர் குளத்தின் காரத்தன்மையை 10 பிபிஎம் குறைக்கும். ஒரே நேரத்தில் அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில், மெல்லிய தாரையாக.

ஆசிட் கேனைப் பம்ப் ரூமுக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைக்கும் வழக்கம் எப்படி வந்ததோ தெரியாது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதன் புகை கசியும். முதலில் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும், பிறகு பெட்டியின் திருகுகள், அதன்பின் சர்க்யூட் போர்டு. கடலோர வீட்டில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கேனுக்கு வெளியே நிழலில் ஓர் இடம் வேண்டும். பெட்டியின் அடியில் வயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். எறும்பு உள்ளே போய் ரிலேயில் கூடு கட்டி யூனிட்டையே நிறுத்திவிடும்.

அளக்கும் கருவியில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட், வியர்வை போன்ற அழுக்கோடு சேர்ந்து வீரியம் போன குளோரினையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி மாத்திரையே நம்பகமானது. அதிலும் ஒரு விளையாட்டு உண்டு: குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் மாத்திரை போட்டதும் ஒரு கணம் சிவந்து, உடனே வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து வேகத்தை இன்னும் கூட்டிவிடுவார்கள். வெளுத்தால், குளத்து நீரை நான்கு மடங்கு குடிநீரோடு கலந்து மறுபடி அளந்து, வருவதை ஐந்தால் பெருக்க வேண்டும். கேன் தண்ணீரில் குளோரின் இருக்காது என்பதால் அதையே பயன்படுத்தலாம்.

செல்லைக் கழுவுதல்

கையேடு மூன்று மாதம் என்று சொன்னாலும், இங்கே மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. பார்ப்பது வேறு, ஆசிட்டில் கழுவுவது வேறு. ஒவ்வொரு ஆசிட் குளியலும் அந்த ருத்தீனியம் பூச்சில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும். அழுக்கில்லாத செல்லை வழக்கத்துக்காகக் கழுவுகிறவர், அதன் ஆயுளைத் தன் கையால் குறைக்கிறார்.

முதலில் எம்சிபியை அணைத்து, வால்வுகளை மூடி, யூனியன்களைத் தளர்த்த வேண்டும். தகடுகளுக்கு இடையே வெள்ளையாக, விரலால் தொட்டால் சொரசொரப்பாகப் படிந்திருந்தால் ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்க்கலாம். பாதி அதிலேயே போய்விடும். போகாததற்குத்தான் ஆசிட். பிளாஸ்டிக் வாளியில் முதலில் பத்துப் பங்கு தண்ணீர், அதன்மேல் ஒரு பங்கு ஆசிட். வரிசை மாறக் கூடாது. செல்லின் ஒரு முனையை மூடி நிறுத்தி, வயர் இணைப்பு நனையாத உயரம் வரை ஊற்றினால் சீறிக்கொண்டு நுரை எழும். திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்று வரும் திசையில் நின்று செய்ய வேண்டிய வேலை. நுரை அடங்கினால் சுண்ணாம்பு தீர்ந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்கத் தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவரையோ கம்பி பிரஷையோ உள்ளே விட்டால் பூச்சு கீறிப் போகும். மிஞ்சிய ஆசிட் தண்ணீரில் சமையல் சோடாவை, நுரை நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டுச் சாக்கடையில் ஊற்றலாம்.

கல், கம்பி, மழை

குளத்தைச் சுற்றிப் பதிக்கும் கல்லைப் பற்றிச் சுருக்கமாக. கடப்பாக்கல் சுண்ணாம்புப் பாறை. கோட்டா கல்லும் அப்படியே. தெறித்த உப்பு நீர் நுண்துளைக்குள் ஊறி, காய்ந்து, படிகமாகும்போது மேற்பரப்பு இதழ் இதழாகப் பெயரும். ஆசிட் சிந்தினாலும் இந்தக் கற்கள் அரித்துப் போகும். கிரானைட்டுக்கு இந்தக் கவலை இல்லை. முன்பே கடப்பா பதித்தாகிவிட்டால், குளித்து முடித்ததும் ஓரத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதும், வருடம் ஒருமுறை சீலர் பூசுவதும்தான் செய்யக் கூடியவை. ஏணிக் கைப்பிடி 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்க வேண்டும். 304இல் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரமே வந்துவிடும்.

பேக்வாஷ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. தென்னை ஓரளவு தாங்கும். வாழை தாங்காது, இலை ஓரம் கருகிவிடும். கிணற்றுப் பக்கம் மட்டும் விடவே கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுகிறது. விளிம்பு வரை நிறைந்த நம் குளத்தின்மேல் 10 சென்டிமீட்டர் பெய்தால் 3,200 லிட்டர் வழிந்து ஓடும்; கூடவே அதிகபட்சம் 11 கிலோ உப்பு. மழை முழுக்க ஓயும் வரை உப்பைச் சேர்க்க அவசரப்படத் தேவையில்லை. மழை, கடினத்தன்மையையும் சேர்த்தே குறைக்கிறது என்பதால் இந்த இழப்பில் லாபமும் உண்டு. தண்ணீர் பச்சையாகிவிட்டால் செல்லை முழு வேகத்தில் வைத்துக் காத்திருப்பது வீண் வேலை. அது அன்றாடச் செலவுக்கான கருவி. திரவ குளோரினை வாங்கி ஊற்றிப் பாசியைக் கொன்று, தண்ணீர் தெளிந்தபின் செல்லிடம் ஒப்படைக்கலாம். திரவ குளோரின் வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் தேவைக்கு மட்டும், புதிதாக வாங்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் எம்சிபியை அணைத்துவிடுவதும், கரண்ட் போய் வந்தபின் டைமர் மணி சரியா என்று பார்ப்பதும் இந்த மாதங்களின் வேலை. முள் வைத்த பழைய டைமர், கரண்ட் நின்ற நேரமெல்லாம் தானும் நின்று, நாளாக நாளாகப் பகலில் ஓட வேண்டியதை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும்.

செல் முடிந்துவிட்டதா

பெரும்பாலான பெட்டிகள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தகடுகளுக்கு இடையே எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பைக் கணக்கிடுகின்றன. பூச்சு தேய்ந்தால் மின்னோட்டம் குறையும்; பெட்டி அதை 'உப்பு குறைவு' என்றே சொல்லும். இந்த நேரத்தில்தான் மூட்டை மூட்டையாக உப்பு குளத்துக்குள் போகிறது. காட்டும் எண் கொஞ்சம் ஏறி, சில வாரத்தில் மறுபடி இறங்கும். இன்னும் இரண்டு மூட்டை. 6,000, 7,000 வரை ஏற்றிய குளத்தில் புது செல்லைப் பொருத்தினால், உப்பு அதிகம் என்று அதுவும் நின்றுவிடும்.

ஆகவே வரிசை இது: பட்டையில் உப்பை அளந்து 3,000க்கு மேல் இருப்பதை உறுதி செய்வது, செல்லைக் கழற்றிச் சுண்ணாம்பு இல்லாததைப் பார்ப்பது, வயர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் துடைத்து இறுக்குவது. பிறகு மாலையில் செல்லை முழு வேகத்தில் விட்டு, திரும்பி வரும் குழாயின் முனையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குளத்தின் நடுவிலிருந்து இன்னொரு டம்ளர் எடுத்து, இரண்டிலும் டிபிடி மாத்திரை போட்டுப் பார்ப்பது. உயிருள்ள செல்லென்றால் முதல் டம்ளரின் சிவப்பு சற்றேனும் தூக்கலாக இருக்கும். இரண்டும் ஒரே நிறமென்றால், பெட்டியின் மெனுவில் பதிவாகியிருக்கும் ஓடிய மணிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு, புது செல்லுக்குச் சொல்லிவிடலாம்.